பெயரில்லாப் படங்கள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அலுவிகாரைக்கு வடக்கே பலாபத்வல என்னும் சிற்றூர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக அவர்களைப் பலிகொண்டன. இவ்வழியைச் சேர்ந்த நாம் பழைய புகைப்படங்களை மதிப்பிடப் புகும்போது, அந்த நடையை மறந்துவிட்டுக் கலையழகை மட்டும் பேச இயலாது.

அவர்கள் இவ்வாறு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மலைநாட்டுத் துரைமார் பலரின் தாயகமாகிய ஸ்கொட்லாந்தில் புகைப்படக் கலையின் முதற் பெரும் சாதனைகளுள் ஒன்று நிகழ்ந்தது. டேவிட் ஒக்ரேவியஸ் ஹில் என்ற ஓவியரும், ரொபேர்ட் அடம்சன் என்ற இளைஞரும் 1843ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் கூட்டாகத் தொழில் தொடங்கினர். 1848இல், தமது 26ஆவது வயதில், அடம்சன் இறந்தார். அதற்குள் இருவரும் ஏறத்தாழ 3000 படங்களை எடுத்திருந்தனர். அவற்றுள் தலைசிறந்தவை, போர்த் ஆற்றின் கழிமுகத்திலுள்ள நியூஹேவன் என்ற மீனவக் கிராமத்தைப் பற்றியவை.

அப்படங்களில் உழைப்பின் முழு உண்மையும் இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. அக்காலத்தில் ஒரு படம் பதிய நல்ல வெயில் வேண்டும். படம் பதியும்வரை அசையாது நிற்கவும் வேண்டும். ஆதலால் அலையோடு போராடும் படகு அங்கே இல்லை. கரையில் ஏற்றிய படகில் சாய்ந்து நிற்கும் மனிதனே இருக்கிறான். ஆயினும் அந்த மனிதனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. சாண்டி லிண்டன், அவனது படகு, அவனது குழந்தைகள் என்றே அப்படம் உலகெங்கும் அறியப்படுகிறது.

ஜெர்மானிய மார்க்சிய விமர்சகர் வால்டர் பெஞ்சமின், 1931இல் புகைப்படக் கலையின் வரலாறு குறித்து எழுதிய கட்டுரையில், கண்களைத் தாழ்த்தி நிற்கும் நியூஹேவன் மீன்காரி ஒருத்தியின் படத்தைப் பற்றிப் பேசுகிறார். கலைஞனின் திறமையோடு அடங்கிவிடாத ஏதோ ஒன்று அதில் இருக்கிறதென்றும், அவள் பெயரை அறிய வேண்டுமென்ற ஆவலை அது நம்முள் எழுப்புகிறதென்றும் அவர் கருதினார். அந்த ஆவல் வீண்போகவில்லை. அவள் எலிசபெத் ஜோன்ஸ்டன் ஹோல் என்பதை இன்று நாம் அறிவோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டார்வின், டெனிசன் போன்றோரின் முகங்களை உலகுக்குத் தந்த ஜூலியா மார்கரெட் கமரன், 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் பெயரில் நாம் பாடப் புத்தகங்களில் சந்திக்கும் கமரனே அவருடைய கணவர். இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளராகவும் இருந்தவர் அவர். ஜூலியா கமரன் 1879இல் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் இங்கே எடுத்த படங்களில் எஞ்சியவை மிகச் சில. அவற்றில் தமிழ்த் தொழிலாளரும் சிங்களக் கிராமத்தவரும் மிடுக்கோடு நிற்கிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் அறிஞரின் பெயரைப் படத்தோடு பதித்த அதே கை, இங்கே 1878இல் எடுத்த ஒரு படத்துக்குக் 'களுத்துறை விவசாயிகள் குழு' என்று தலைப்பிட்டதோடு நின்றுவிட்டது. பின்னர் ஸ்கீன், பிளாட்டே முதலிய வணிக நிறுவனங்களின் படங்களும் தபாலட்டைகளும் பரவின. அவற்றில் நம் மக்கள் 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிக்கும் கூலிகள்' என்ற வகைப் பெயர்களாகவே ஆனார்கள்.

நியூஹேவன் பெண் தன் மீன்கூடையை முதுகில் தாங்கி, அதன் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு எடின்பரோ வரை நடந்தாள். நம் பெண்ணும் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறுகிறாள். சுமையும் சுமக்கும் முறையும் இத்தனை ஒத்திருக்க, ஒருத்திக்குப் பெயர் கிடைத்ததும் மற்றவளுக்குக் கிடைக்காததும் ஏன்?

இதற்குக் காரணம் படமெடுத்தவரின் நல்ல குணமோ தீய குணமோ அன்று. ஹில்லும் அடம்சனும் தம் நாட்டு மக்களை, தம் மொழி பேசுவோரை, அடுத்த ஊராரைப் படமெடுத்தனர். தோட்டத்திலோ மனிதனை மனிதனாகக் காணும் உறவே இல்லை. நாட்கூலி உறவுதான் உண்டு. தோட்ட வழக்கில் 'பேர்' என்ற சொல்லுக்கே ஒருநாட் கூலி என்று பொருள் வந்துவிட்டது. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போடுகிறார்கள். பெயரையே பாதியாக வெட்டிக் கணக்கெழுதும் அமைப்பு, படத்தின் அடியில் முழுப்பெயரை எழுதுமென்று எவ்வாறு எதிர்பார்ப்பது? இலங்கைத் தேயிலையின் முன்னோடி என்று போற்றப்படும் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லருக்குப் படமும் உண்டு, கண்டி மகியாவையில் பெயர் பொறித்த கல்லறையும் உண்டு. லூல்கந்துரையில் அவரோடு மண்ணைக் கொத்தியவர்கள் யாவர்?

இது வெறும் கலை விவகாரம் அன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தேயிலை விளம்பரங்களில் எவளுடைய முகம் உலகமெல்லாம் சென்றதோ, அவளிடமே 'நீ யார், உன் தந்தை எங்கே பிறந்தான், பத்திரம் எங்கே' என்று கேட்டார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

குற்றத்தை வெள்ளையர் மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. இன்றும் நம் நாட்காட்டிகளிலும், மலர்களிலும், ஏன், முற்போக்குச் சஞ்சிகைகளின் அட்டைகளிலுங்கூடக் கொழுந்து பறிக்கும் பெண் பெயரின்றியே சிரிக்கிறாள். அவள் உழைப்பைப் பாடும் நாம் அவள் பெயரைக் கேட்டதுண்டா?

2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. முன்னோரின் பாதையில் பேரப்பிள்ளைகள் மீண்டும் நடந்தார்கள். அந்த நடையில் செய்யத் தொடங்கியதை வீடுகளில் தொடர வேண்டியது ஆசிரியரும் மாணவரும் ஆகிய நம் கடமை.

லயன் அறைகளின் தகரப் பெட்டிகளில் குடியுரிமை விண்ணப்பத்துக்கு எடுத்த சிறு படங்கள் இருக்கின்றன. திருமணப் படங்கள் இருக்கின்றன. இந்தியாவுக்குக் கப்பலேறு முன் குடும்பமாய் நின்று எடுத்த படங்கள் இருக்கின்றன. படத்திலிருப்போர் யாரென்று சொல்லத் தெரிந்த முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டியிடம் அமர்ந்து, படத்தின் பின்புறத்தில் பெயரையும், ஊரையும், தோட்டத்தையும், ஆண்டையும் பென்சிலால் எழுதட்டும். வாய்வழி வந்த பௌத்த மறைகள் ஏட்டில் எழுதப்பட்ட இடமென்று போற்றப்படும் அலுவிகாரை நமக்கு அருகில்தான் இருக்கிறது. சொல்பவர் மறையுமுன் எழுதிவைக்க வேண்டும் என்ற பாடம் இந்த மண்ணுக்குப் புதிதன்று.