காமன் பொட்டலின் இரவுகள்: ஒரு மதிப்பீடு

மறைந்துபோன இரவுக் கலைகள் பற்றிப் பேசுகையில் நாம் நகரத்து இசை மண்டபங்களையும் மதுச்சாலை மேடைகளையுமே நினைவுகூருகின்றோம். மாத்தளைத் தோட்டங்களின் இரவுகள் இக்கணக்கிற் சேர்வதில்லை. பகலெல்லாம் கொழுந்தெடுத்தும் பால்வெட்டியும் உழைத்த மக்கள், மாசி மாதத்தில் காமன் பொட்டலிற் கூடினர். அவர்களே வேடம் புனைந்து விடியும்வரை ஆடிய காமன் கூத்து, கட்டணமின்றி யாவர்க்கும் உரியதாயிருந்தது.

இன்றுஞ் சில தோட்டங்களில் அது நிகழினும் பண்டைய வீச்சு இல்லை. இதற்குச் சினிமாவை மட்டும் காரணங்காட்டல் பொருந்தாது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலையகத்தில் எஞ்சியோரிற் பலரை வன்னிக்குத் துரத்தின. ஆடுவோரும் பார்ப்போரும் பிரிக்கப்பட்டபின் கூத்து எங்ஙனம் நிலைக்கும்?

ஆயினும் அவ்விரவுகளைப் பொற்காலமெனப் போற்றுவது ஆய்வாகாது. தப்பின்றிக் கூத்தில்லை, எனினும் தப்படித்தோர் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டனர். இரதியாக ஆடியவரும் ஆண்களே. பெண்கள் பார்வையாளராகவே நின்றனர். சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தொகுத்துதவினார். பாடலோடு பாடியவரின் வாழ்நிலையையும் பதிவுசெய்தலே எமது கடன்; அஃதின்றேல் நமது நினைவுகூரல் வெறும் ஏக்கமாகவே எஞ்சும்.