ஏவலும் மறுப்பும்: தமிழ்க் குழந்தை இலக்கியத்தில் கூற்று மாற்றம்

தமிழ்க் குழந்தை இலக்கிய வரலாறு பெரும்பாலும் பாடுபொருளை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டு வருகிறது. அறநெறியில் தொடங்கி நாட்டுப்பற்று, மகிழ்வூட்டல், அறிவியல் என அது வளர்ந்ததாகக் கூறுவது வழக்கம். யார், யாரிடம், எவ்வகை வினைமுற்றில் பேசுகிறார் என்னும் வினா இவ்வரலாறுகளில் போதிய இடம் பெறவில்லை. அவ்வினாவை முன்வைத்துச் சில படைப்புகளை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனனம் செய்த ஔவையாரின் ஆத்திசூடி முன்னிலை ஏவலால் அமைந்தது. செய்யத்தக்கன உடன்பாட்டு ஏவலாகவும், தவிர்க்கத்தக்கன ‘ஏல்’ ஈற்று எதிர்மறை ஏவலாகவும் வருகின்றன. கொன்றைவேந்தன் பெரிதும் கூற்று வாக்கியங்களை உடையது. எனினும் மூத்தோர் சொல்லை அமிழ்தத்துக்கு இணை வைப்பதன் வாயிலாக, ஏவுவோரின் தகுதியை ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக்குகிறது. இவ்விரு நூல்களிலும் குழந்தை கேட்குநர் மட்டுமே.

பாரதி இம்மரபின் உள்ளடக்கத்தை மாற்றினார்; வடிவத்தை மாற்றவில்லை. புதிய ஆத்திசூடி அச்சத்தைத் தவிர்க்கவும் சினத்தைப் பழகவும் சொல்லும்போதும் ஏவல் வினையையே கையாளுகிறது. 1915இல் வெளிவந்த பாப்பா பாட்டில் விளிச்சொல்லின் குழைவு ஏவலின் கடுமையைத் தணிக்கிறது. தீமை செய்வோரைக் கண்டால் அஞ்சாது தாக்கி இழிவுபடுத்துமாறு அப்பாடல் குழந்தைக்குச் சொல்வது பெரும் துணிவு. ஆயினும் அத்தீமையாளர் குழந்தை வணங்கப் பழக்கப்பட்ட பெரியவராகவே இருந்தால் என் செய்வது என்னும் வினா அங்கு எழவில்லை.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பசுவும் கன்றும் பற்றிய பாடலில் ஏவல் முற்றிலும் மறைகிறது. காட்சி மட்டுமே எஞ்சுகிறது. 1944இல் ‘மலரும் உள்ளம்’ தொகுதியை வெளியிட்ட அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் பலவற்றில் குழந்தையே கூறுவோராகிறது. இவ்விருவரும் குழந்தைக்குக் கண்ணையும் குரலையும் அளித்தனர் எனலாம். ஆனால் அக்குரல் வியக்கிறது, விளையாடுகிறது. பெரும்பாலும் பெரியவர் உலகோடு முரண்படுவதில்லை.

முரண்படும் குரலை யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலில் காண்கிறோம். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்ற இந்நூல், குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைக் குழந்தை வாசகருக்கே எடுத்துரைக்கிறது. கீழ்ப்படிதல் என்னும் பழைய அறம் குழந்தைக்கே தீங்காக முடியக்கூடும் என்பதே இந்நூல் எழுப்பும் அடிப்படைச் சிக்கல்.

இங்கு ஒரு தடை எழலாம். மரப்பாச்சிப் பொம்மையின் வாயில் ஒலிப்பதும் பெரியவரின் அறிவுரைதானே? உண்மையே, ஏவல் மீண்டும் வந்துவிட்டது. கவிமணி கைவிட்ட அறிவுரை முறைக்கே இந்நாவல் திரும்புகிறது என்பது கலை நோக்கில் குறையாகவும் கொள்ளத்தக்கது. ஆனால் பழைய ஏவல் ‘கேள்’ என்றது. இவ்வேவல் ‘மறு’ என்கிறது. முன்னது ஏவுவோரின் அதிகாரத்தை நிலைநிறுத்தியது. பின்னது அவ்வதிகாரத்தை வினவும் உரிமையைக் கேட்போரிடம் ஒப்படைக்கிறது.

முடிவாக, அறிவுரையிலிருந்து விடுபட்டு மகிழ்ச்சியை நோக்கி நகர்ந்தது என்னும் நேர்கோட்டு வரலாறு தமிழ்க் குழந்தை இலக்கியத்துக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அறிவுரை மறையவில்லை; அதன் திசையே மாறியுள்ளது. எனவே ஒரு குழந்தை நூலை மதிப்பிடுகையில், அது நீதி சொல்கிறதா என்று கேட்பதோடு அமையாது, அந்த நீதி யாரைக் காக்கிறது என்றும் கேட்பது திறனாய்வாளரின் கடமையாகும். பாடநூல்களுக்குக் குழந்தைப் பாடல்களைத் தெரிவு செய்வோர்க்கும் இவ்வினா உரியதே.