கருவியும் காற்கூறும்

பள்ளிக்குப் புதிதாக வந்து சேரும் கருவி எதுவாயினும் அதனை இருவகையில் அளக்கலாம். அக்கருவி என்ன செய்து காட்டுகிறது என்று பார்ப்பது ஒருவகை. அது வந்தபின் மாணவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பது மற்றொரு வகை. முன்னது எளிது, கண்ணுக்கு உடனே புலனாவது, திறப்பு விழாவுக்கும் நிழற்படத்துக்கும் ஏற்றது. பின்னது அரிது, ஓராண்டேனும் பொறுத்திருந்து பார்த்தாலன்றிப் புலப்படாதது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1997ஆம் ஆண்டு தொடங்கி வகுப்பறைக்குள் வந்த கணினித் திட்டங்களை ஆராய்ந்து நோக்கின், அவை பெரும்பாலும் முன்னைய அளவையாலேயே மதிக்கப்பட்டன என்பது விளங்கும். எத்தனை கணினி, எத்தனை திரை, எத்தனை மணி நேரம் என்னும் கணக்குகள் நிரம்பக் கிடைக்கின்றன. மாணவன் எத்தனை முறை வாய் திறந்து விளக்கினான், தானே எண்ணி எத்தனை வரி எழுதினான் என்னும் கணக்குக் கிடைப்பது அரிதாக இருக்கிறது.

இரண்டாவது வகை அளவைக்குக் கோல் எங்கே என்று தேடி அலைய வேண்டுவதில்லை. அது தமிழிலேயே இருக்கிறது.

நன்னூலார் வைத்த பங்கு

13ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். ஆயினும் அதன் பொதுப்பாயிரத்தை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் அது ஒரு கல்வியியல் நூலாகவே தோன்றும். நூலின் இயல்பைக் கூறியபின் ஆசிரியன் யார், பாடம் சொல்வது எப்படி, மாணாக்கன் யார், பாடம் கேட்பது எப்படி என்பவற்றை அது முறையாக வரையறுக்கிறது.

பாடம் கேட்கும் பகுதியில் வியத்தகு பங்கீடு ஒன்று வருகிறது. ஆசிரியர் சொன்னதை மாணாக்கன் பழுதறக் கொண்டாலும் அதனால் அவன் அடைவது புலமையின் காற்கூறு மட்டுமே. தன்னொடு பயில்வாருடன் கலந்து பழகுவதால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறோ, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும். ஆசிரியர் எவ்வளவு நாவன்மை உடையவராயினும் அவருக்கு உரிய பங்கு காலே. முக்கால் பங்கு மாணவனுடைய முயற்சியில் இருக்கிறது.

மாணாக்கரை வகைப்படுத்தும் இடமும் நோக்கத்தக்கது. அன்னமும் பசுவும் போன்றவர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர் இடைமாணாக்கர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவர் கடைமாணாக்கர். கிளி கடையில் இல்லை, இடையில் இருக்கிறது. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பிள்ளை கெட்ட பிள்ளை அன்று. ஆயினும் அவன் அந்நிலையிலேயே நின்றுவிட்டால் கல்வி நிரம்பாது என்பதே கருத்து. இந்தப் பங்கீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கருவிகளைப் பார்ப்போமாயின் பல செய்திகள் தெளிவாகும்.

மணலும் ஒரு கருவியே

கல்விக் கருவி என்றவுடன் இன்று மின்சாரம் நினைவுக்கு வருகிறது. திண்ணைப் பள்ளியில் மணலே கருவி. 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற ஆண் பிள்ளைகளின் காப்பகத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துச் சமயகுரு, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் அதற்கு இசைந்து வராதபோது, மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். இதனை 1797இல் அவர் லண்டனில் நூலாக வெளியிட்டபின் இது 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

மணல் தானாக எதனையும் செய்து காட்டுவதில்லை. பிள்ளையின் விரல் அசைந்தால் எழுத்துத் தோன்றும். அசையாவிட்டால் அது வெறும் மணல். அதனோடு ஒரு மாணவன் மற்றொருவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. நன்னூலார் கூறிய உடன்பயில்வார் கூறும் எடுத்துரைக்கும் கூறும் ஆகிய இரண்டும் அதில் அடங்கின. அம்முறைக்குக் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. பெருங்கூட்டமாகப் பிள்ளைகளை வைத்து மனப்பாடத்தை மிகுவித்தது என்ற பழி பின்னாளில் அதற்கு வந்தது. எனினும், விலை குறைந்த ஒரு கருவி மாணவனை உழைக்க வைத்தமையால் கடல்கடந்தும் மதிப்புப் பெற்றது என்பது மறுக்க முடியாத உண்மை.

திட்டங்கள் நடந்த வழி

இதற்கு நேர்மாறானது அமெரிக்க அறிஞர் எடிசனின் நம்பிக்கை. பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் பயனற்றுப் போகும், அசையும் படங்களே கற்பிக்கும் என்று அவர் 1913இல் கூறினார். அவ்வாறு நிகழவில்லை. படம் கற்பிக்கும் பணியை ஓரளவு செய்தது. கற்கும் பணியை அதனால் செய்ய இயலவில்லை.

மலேசியாவில் 1972 ஜூன் 19ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 1997இல் விவேகப் பள்ளித் திட்டம் வகுக்கப்பட்டு 1999 முதல் 2002 வரை முன்னோட்டமாக நடத்தப்பட்டது. மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கே அதில் கணினிப் பாடங்கள் ஆக்கப்பட்டன. தமிழ் அப்பட்டியலில் இல்லை. அதே 1997இல் சிங்கப்பூர் தன் முதல் தகவல் தொழில்நுட்பக் கல்விப் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு மாணவருக்கு ஒரு கணினி, பாடவேளையில் 30 விழுக்காடு கணினிவழி என்பவை அதன் இலக்குகள். உழைப்பும் ஒழுங்கும் மிக்க திட்டம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் 30 விழுக்காட்டு நேரத்தில் மாணவன் என்ன செய்வான் என்பதை அந்த எண் சொல்லாது. கேட்டுக்கொண்டிருந்தானா, பேசினானா, எழுதினானா, பொத்தானை அழுத்தினானா? எண் ஒன்றே, கல்வி நான்கு வகை.

2003இல் மலேசியப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது, அப்பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் வழங்கப்பட்டன. தமிழ்ப் பள்ளிகளும் அவற்றைப் பெற்றன. தட்டில் இருந்த பாடம் திரையில் ஓடியது, மாணவர் நோக்கினர். இங்கே நடந்தது யாது? ஆசிரியருக்குரிய காற்கூறு சுண்ணக்கட்டியிலிருந்து குறுந்தட்டுக்கு இடம் மாறியது. முக்காற்கூறு தொடப்படவில்லை. அத்துடன் பிள்ளை தன் ஐயத்தைத் தாய்மொழியில் கேட்கும் வாய்ப்பும் குறைந்தது. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது.

அதன்பின் 2011இன் இறுதியில், ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணையத்தால் பிணைத்து மெய்ந்நிகர் கற்றல் தளம் ஒன்றை வழங்கும் பெருந்திட்டம் வந்தது. ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் அத்தளத்தை மிகக் குறைவாகவே பயன்படுத்தினர் என 2013ஆம் ஆண்டுக்கான தேசியத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை குறித்தது. 2019இன் நடுப்பகுதியில் அத்திட்டம் முடிவுற்றது. இத்தகைய நிலை ஒரு நாட்டுக்கே உரியதன்று. பள்ளிக் கணினிகளுக்குப் பெரும்பொருள் செலவிட்ட நாடுகளில் வாசிப்பு, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்று பொருளாதாரக் கூட்டுறவு மேம்பாட்டு அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வு கூறியது.

தொற்றுக் காலம் காட்டிய உண்மை

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் மலேசியப் பள்ளிகள் மூடப்பட்டன. அதனையொட்டிக் கல்வி அமைச்சு பெற்றோரிடையே நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. தோட்டத்து வீடுகளில் இதன் பொருள் என்ன? வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் காலையில் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் அது திரும்பும் வரை இரண்டு மூன்று பிள்ளைகள் காத்திருக்க வேண்டும். கருவி பொதுவாகிவிட்டது என்ற பேச்சு எவ்வளவு மெலிந்தது என்பதை இக்காலம் காட்டியது.

ஆயினும் அக்காலத்திலேயே கருவியின் நற்பயனும் வெளிப்பட்டது. பாடப்பகுதியை வாய்விட்டு வாசித்து, அக்குரலைப் பதிந்து வாட்ஸ்அப் வழியாக அனுப்பும்படி பிள்ளைகளைப் பணித்த ஆசிரியர் உண்டு. பிள்ளை ஒருமுறை வாசிக்கிறான். தன் குரலைத் தானே கேட்கிறான். தடுமாறிய இடம் அவனுக்கே உறுத்துகிறது. அழித்துவிட்டு மீண்டும் வாசிக்கிறான். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ வாசித்ததைத்தான் அனுப்புகிறான். ஒருமுறை கேட்பது போதாது, மும்முறை கேட்பவனே முறையறிந்து உரைப்பான் என்னும் பழங்கருத்து இங்கே ஒரு சிறு கைப்பேசியால் நிறைவேறுகிறது. கண்ணைப் பறிக்கும் ஓவியம் எதுவும் அதில் இல்லை. உழைப்பு முழுவதும் பிள்ளையுடையது.

கருவிக்கு உரிய இடம்

ஆகவே கருவியே வேண்டா என்பது இவ்வாய்வின் முடிபன்று. ஆசிரியரின் கால் பங்கில் போட்டியிடுவதை விட்டு, மாணவனின் முக்கால் பங்குக்கு அது துணை செய்ய வேண்டும் என்பதே கருத்து.

மலேசியாவில் 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படும். தமிழ்ப் பள்ளிகள் பல அவ்வகையின. ஐந்தாம் ஆண்டில் இரண்டே பிள்ளைகள், நான்காம் ஆண்டில் மூவர் என்னும் நிலை அவற்றுள் சிலவற்றில் உண்டு. அங்கே ஆசிரியரின் காற்கூறுக்குக் குறைவில்லை. ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்னும் அளவுக்குக்கூடக் கவனிப்புக் கிடைக்கும். குறைவது உடன்பயில்வாரின் கூறு. வாதாடவும் வினவவும் விளக்கவும் ஒத்த வயதினர் இல்லை. வெவ்வேறு தோட்டங்களில் உள்ள இரண்டு சிறு பள்ளிகளை இணையத்தால் பிணைத்து, ஒரு பள்ளிப் பிள்ளை தன் கணக்கை மறுபள்ளிப் பிள்ளைக்கு விளக்கும்படி செய்தால், சுண்ணக்கட்டியாலும் புத்தகத்தாலும் இயலாத ஒன்றை இணையம் செய்ததாகும். அதற்கு ஒரு கணினியும் ஓர் ஒலிவாங்கியும் போதும்.

கட்டுரை எழுதுவதிலும் அவ்வாறே. தாளில் எழுதிய கட்டுரையைத் திருத்த வேண்டுமானால் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். பிள்ளைகள் அதனை வெறுப்பது இயல்பு. கணினியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றலாம். ஒரு பத்தியை மேலே ஏற்றலாம். திருத்தும் பழக்கம் வளர இது நல்ல வாய்ப்பு. தமிழில் இது இயலுவதற்கு வழிவகுத்தோருள் மலேசியரான முத்து நெடுமாறன் குறிப்பிடத்தக்கவர். அவருடைய முரசு மென்பொருள் 1985இல் தோன்றியது. கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்த செல்லினம் 2005இல் வெளியாயிற்று. கருவியில் தமிழ் இருக்கிறது. பிள்ளையின் விரல் அதில் அசைகிறதா என்பதே வினா.

விடை எழுதும் பொறி

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் நிலைமை வேறாயிற்று. முன்னைய கருவிகள் பாடம் சொல்லின. இப்பொறியோ மாணவன் எழுத வேண்டியதையே எழுதித் தருகிறது. தலைப்பைக் கொடுத்தால் தமிழிலும் கட்டுரை வருகிறது. தொலைக்காட்சியும் குறுந்தட்டும் ஆசிரியரின் காற்கூறில் பங்கு கேட்டன. இது மாணவனின் அரைக்கூறில் கை வைக்கிறது. நன்னூலார் எதனை மிகப்பெரிய பங்காக வைத்தாரோ அதுவே இப்போது கைநழுவும் நிலையில் இருக்கிறது.

மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு இதனால் வரும் கேடு பிறருக்கு வருவதினும் பெரிது. தமிழ்வழிக் கல்வி அவனுக்குத் தொடக்கப் பள்ளியின் 6 ஆண்டுகளோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. தமிழில் எண்ணி, தமிழில் தடுமாறி, தமிழில் ஒரு கருத்தைச் சொல்லி முடிக்கும் பயிற்சிக்கு அந்த 6 ஆண்டுகளே உண்டு. அவ்வாண்டுகளில் அவனுக்காகப் பொறி எழுதிவிடுமாயின், பின்னர் அதனை ஈடுசெய்ய இடமேது?

தடை விதிப்பதால் மட்டும் இது தீராது. பொறியின் கட்டுரையை மாணவன் கையில் கொடுத்துப் பிழை காணச் சொல்லலாம். சந்திப் பிழை எங்கே, பொருந்தாச் சொல் எது, தோட்டத்து வாழ்வைப் பற்றி எழுதியதில் பொய் எது என்று அவன் எடுத்துக்காட்டட்டும். ஏன் பிழை என்று வகுப்பில் நின்று விளக்கட்டும். அப்போது பொறி மாணாக்கனாகும், பிள்ளை ஆசிரியனாவான்.

இனி ஒரு பள்ளிக்குப் புதிய கருவி வரும்போது அதன் விலையையும் விரைவையும் வினவுவதோடு நிற்றல் வேண்டா. இக்கருவியின்முன் பிள்ளை கேட்பவனா, சொல்பவனா என்று முதலில் வினவுதல் வேண்டும். கருவி வாங்குவோரும் வழங்குவோரும், பெற்றோரும் ஆசிரியரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக.