உடைமாற்றும் அறையில் தொலைந்த ஆட்டம்

ஓர் அணியையோ வீரரையோ ஒரு பருவம் முழுவதும் கேமராவோடு பின்தொடர்ந்து, எடுத்ததைப் பல பகுதிகளாகத் தொகுத்து வெளியிடும் விளையாட்டு ஆவணத் தொடர்கள், கடந்த சில ஆண்டுகளில் ஓடிடி தளங்களின் நிலையான சரக்காகிவிட்டன. இவற்றைப் பற்றிய பாராட்டு பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சுற்றி வருகிறது: இதுவரை யாரும் நுழையாத உடைமாற்றும் அறைக்குள், அணிக் கூட்டத்துக்குள், வீரரின் வீட்டுக்குள் இவை பார்வையாளரை அழைத்துச் செல்கின்றன என்பதே அது. ஆனால் விளையாட்டைப் பற்றிய ஒரு படைப்பை வேறு அளவுகோலாலும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஓர் ஆட்டம் ஏன் அப்படி முடிந்தது என்பது தொடரைப் பார்த்து முடித்தவருக்கு முன்பைவிடத் தெளிவாகிறதா என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், பெரும் புகழ் பெற்ற தொடர்கள் பலவும் தேறுவதில்லை. கதவைத் திறந்துவிட்டவரே எதைக் காட்டலாம் என்பதையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறார் என்பதுதான் அதற்கு முதற்காரணம்.

2020 ஏப்ரலில் வெளியான ‘தி லாஸ்ட் டான்ஸ்’ இதற்குத் தெளிவான சான்று. ஜேசன் ஹெஹிர் இயக்கிய இந்தப் பத்துப் பகுதித் தொடர், மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் அணி 1997-98 பருவத்தில் தனது ஆறாவது கூடைப்பந்துப் பட்டத்தை வென்ற கதையைச் சொல்கிறது. அந்தப் பருவத்தில் அணியோடு பயணம் செய்த படக்குழு எடுத்த காட்சிகளை ஜோர்டானின் சம்மதம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்பது அன்றைய உடன்பாடு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் சம்மதித்தபோது, அவருடைய நிறுவனமும் தயாரிப்பில் பங்கேற்றது. பிறர் தம்மைப் பற்றிச் சொன்னதை ஜோர்டான் கையில் வைத்த டேப்லெட்டில் பார்த்துச் சிரிக்கும் காட்சிகள் சுவையானவைதான். ஆனால் கடைசிச் சொல் யாருடையது என்பதை அவையே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. அணியின் பொது மேலாளர் ஜெரி கிராஸ் இத்தொடரில் ஏறத்தாழ வில்லன். அவர் 2017 மார்ச்சிலேயே இறந்துவிட்டதால் மறுமொழி சொல்லவும் வழியில்லை. ஸ்காட்டி பிப்பெனை அணிக்குக் கொண்டுவந்தவரும், துணைப் பயிற்சியாளர் டெக்ஸ் வின்டரை அமர்த்தியவரும் அதே கிராஸ்தான் என்பது இந்தச் சித்திரத்தில் மங்கிப்போகிறது.

வின்டர் வகுத்த முக்கோணத் தாக்குதல் முறை புல்ஸ் அணியின் ஆட்டத்துக்கே அடித்தளம். களத்தின் ஒரு பக்கத்தில் மூன்று வீரர்கள் முக்கோணமாகவும் மறுபக்கத்தில் இருவர் இணையாகவும் நின்று, முன்கூட்டி வகுத்த நகர்வுகளைப் பின்பற்றாமல், எதிரணித் தடுப்பு எப்படி நகர்கிறதோ அதற்கேற்பப் பந்தைக் கைமாற்றும் முறை அது. எட்டு மணி நேரத்துக்கு மேலான தொடரில் அதற்குக் கிடைப்பது சில நிமிடங்களே. விளைவு என்னவென்றால், 1998 ஜூன் 14 அன்று யூட்டா ஜாஸ் அணிக்கு எதிராக ஆட்டம் முடிய 5.2 விநாடிகள் இருக்கையில் ஜோர்டான் போட்ட கூடை, 87-86 என்ற வெற்றியைத் தந்த அந்தக் கூடை, தனி மனித வல்லமையின் உச்சமாக மட்டுமே காட்சியளிக்கிறது. அந்தக் கணத்தில் ஜோர்டானை பிரையன் ரஸ்ஸல் ஒருவர் மட்டுமே தடுத்துக்கொண்டிருந்தது ஏன் என்ற கேள்விக்கு விடை ஓராண்டுக்கு முந்தைய இறுதிப்போட்டியில் இருக்கிறது. 1997இல் யூட்டா வீரர் ஜான் ஸ்டாக்டன் தம் பொறுப்பிலிருந்த புல்ஸ் வீரர் ஸ்டீவ் கெர்ரை விட்டுவிட்டு ஜோர்டானை மறிக்கப் போனார். தனித்து நின்ற கெர் பந்தை வாங்கி, பட்டத்தைத் தீர்மானித்த கூடையைப் போட்டார். 1998இல் அதே ஸ்டாக்டன் கெர்ரை விட்டு நகரத் துணியவில்லை. தொடரில் இவை வெவ்வேறு பகுதிகளில் இரண்டு தனித்தனி வீரக் கதைகளாக வந்துபோகின்றன. ஒன்று மற்றொன்றின் காரணம் என்பதைப் பார்வையாளர் தாமே கோத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆயினும் இத்தொடரில் ஓரிடம் உண்டு, அதற்காகவே இதை ஒருமுறை பார்க்கலாம். வளையத்தில் பட்டு உள்ளே விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதற்கு ரீபவுண்ட் என்று பெயர். அதில் தம் காலத்தின் தலைசிறந்தவரான டென்னிஸ் ராட்மன், நண்பர்களை வெவ்வேறு கோணங்களிலிருந்து எறியச் சொல்லிப் பந்தின் சுழற்சியையும் அது தெறிக்கும் திசையையும் எப்படிப் பயின்றார் என்பதைக் கையசைவோடும் ஓசையோடும் விளக்குகிறார். முடிக்குச் சாயம் பூசிய விசித்திரப் பேர்வழி என்று உலகம் ஒதுக்கிய ஒருவர், அந்த ஓரிரு நிமிடங்களில் தொடரிலேயே தெளிவான ஆசிரியராகிவிடுகிறார்.

2019 முதல் வெளிவரும் ‘டிரைவ் டு சர்வைவ்’ ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்துக்குப் புதிய ரசிகர்களைத் திரட்டித் தந்தது உண்மை. முதல் பருவத்தில் மெர்சிடிஸ், ஃபெராரி ஆகிய இரு பெரிய அணிகளும் பங்கேற்க மறுத்தது தொடருக்கு நன்மையாகவே முடிந்தது. கேமரா வேறு வழியின்றி நடுவரிசை அணிகளிடம் போனது, ஹாஸ் அணியின் தலைவர் குந்தர் ஸ்டைனரின் ஆத்திரத்தின் வழியாகப் பணமும் புள்ளிகளும் இல்லாத அணியின் அன்றாடம் வெளிப்பட்டது. பிந்தைய பருவங்களில் எல்லாரும் உள்ளே வந்ததும் பகைமைகளை ஊதிப் பெருக்கும் வேலை தொடங்கிற்று. இல்லாத பகையைத் தொடர் உருவாக்குகிறது என்று குற்றஞ்சாட்டி ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் சில காலம் பேட்டியளிக்க மறுத்தது இதனால்தான். பிறகு அவரும் திரும்பி வந்தார் என்பது வேறு கதை.

2021 டிசம்பர் 12 அன்று அபுதாபியில் நடந்த இறுதிப் பந்தயம் இத்தொடரின் வரம்பைக் காட்டுகிறது. லூயிஸ் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சமப் புள்ளிகளோடு வந்த அந்தப் பந்தயத்தின் 58 சுற்றுகளில் 53ஆவது சுற்றில் வேறொரு கார் மோதி நிற்க, ஆபத்து நீங்கும் வரை எல்லாக் கார்களும் முந்தாமல் பின்தொடர வேண்டிய சேஃப்டி கார் களமிறங்கியது. முன்னிலையில் இருந்த ஹாமில்டன் டயர் மாற்ற நின்றிருந்தால், வெர்ஸ்டாப்பன் நிற்காமல் போய் முதலிடத்தைப் பிடித்திருப்பார்; பந்தயம் அப்படியே சேஃப்டி காரின் பின்னால் முடிந்திருந்தால் பட்டமும் அவருக்கே போயிருக்கும். ஹாமில்டன் நிற்காமல் போனதால் வெர்ஸ்டாப்பன் நின்று, விரைவாகப் பிடிப்புத் தரும் புதிய மென்டயர்களைப் பெற்றார். அதன்பின் இருவருக்கும் இடையே இருந்த ஐந்து கார்களை மட்டும் முந்திச் செல்லவிட்டு, கடைசிச் சுற்றைப் பந்தயமாகவே ஓட விட்டதுதான் சர்ச்சை. முதலில் நிற்பவர் தோற்பார், நிற்காதவரும் தோற்கலாம் என்ற அந்த இக்கட்டுதான் அன்றைய ஆட்டமே. தொடரின் கவனமோ இரு அணித் தலைவர்களின் முகங்களிலும் வானொலிக் கூச்சலிலுமே நிலைகொள்கிறது. இதே அச்சில் டென்னிஸுக்காக வார்க்கப்பட்ட ‘பிரேக் பாயின்ட்’ இரண்டு பருவங்களோடு நிறுத்தப்பட்டதில் வியப்பில்லை.

தமிழ் ரசிகர்களுக்கு நெருக்கமான ‘ரோர் ஆஃப் தி லயன்’ பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. இரண்டாண்டுத் தடைக்குப் பிறகு 2018இல் சென்னை சூப்பர் கிங்ஸ் திரும்பி வந்து கோப்பை வென்றதைச் சொல்லும் அது, தோனியின் நிறுவனமும் சேர்ந்து தயாரித்த தொடர். தடைக்கு வழிவகுத்த நிகழ்வுகளை விசாரிக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு. ஆனால் இறுதிப்போட்டியை அலச அதற்குத் தடையேதும் இருக்கவில்லை. ஹைதராபாத் அணிக்கு எதிராக 179 ஓட்ட இலக்கைத் துரத்தியபோது, முதல் பத்துப் பந்துகளில் ஓட்டமே எடுக்காத ஷேன் வாட்சன் 57 பந்துகளில் 117 ஓட்டங்கள் குவித்து ஆட்டமிழக்காமல் நின்றார். புவனேஷ்வர் குமாரின் நான்கு ஓவர்களில் 17, ரஷித் கானின் நான்கு ஓவர்களில் 24 என அந்த எட்டு ஓவர்களை விக்கெட் கொடுக்காமல் கடத்திவிட்டு, எஞ்சியவர்களின் பத்தரை ஓவர்களில் ஏறத்தாழ 140 ஓட்டங்களை அள்ளியதே அந்த வெற்றியின் கட்டமைப்பு. கண்ணீரும் முழக்கமும் பெற்ற நேரத்தில் ஒரு பங்காவது இந்தக் கணக்குக்குக் கிடைத்திருக்கலாம்.

‘தி டெஸ்ட்’ இவற்றினும் ஒரு படி மேல். 2018இல் கேப்டவுனில் பந்தை உப்புத்தாளால் தேய்த்த விவகாரத்துக்குப் பிந்தைய ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணியைப் பற்றிய இந்த எட்டுப் பகுதித் தொடர், அந்த விவகாரத்தையே ஆழமாகக் கிளறாமல் மறுவாழ்வின் கதையாகத் தொடங்குவது பெருங்குறை. ஆயினும் புதிய பயிற்சியாளர் ஜஸ்டின் லாங்கரிடம், அவரைக் கண்டு வீரர்கள் அஞ்சுகிறார்கள் என்று உஸ்மான் கவாஜா முகத்துக்கு நேரே சொல்லும் காட்சியை வெட்டாமல் வைத்தது பாராட்டத்தக்கது. ஹெடிங்லி டெஸ்ட் பகுதி அதைவிடச் சிறப்பு. 2019 ஆகஸ்டில் முதல் இன்னிங்ஸில் 67 ஓட்டங்களுக்குச் சுருண்ட இங்கிலாந்து, 359 என்ற இலக்கை பென் ஸ்டோக்ஸும் ஜாக் லீச்சும் சேர்த்த 76 ஓட்டக் கடைசி விக்கெட் கூட்டணியால் எட்டியது. வெற்றிக்கு இரண்டு ஓட்டங்கள் தேவைப்பட்டபோது லீச்சை ரன் அவுட் செய்யும் வாய்ப்பை நேதன் லயன் நழுவவிட்டார். அடுத்த பந்தில் ஸ்டோக்ஸுக்கு எதிரான எல்.பி.டபிள்யூ. முறையீட்டை நடுவர் மறுத்தபோது, மேல்முறையீடு செய்ய ஆஸ்திரேலியாவிடம் வாய்ப்பு மிச்சமில்லை, ஏனெனில் அதைச் சற்று முன்புதான் லீச்சுக்கு எதிராக வீணடித்திருந்தது. அந்தக் கடைசி ஓவர்களை அணியினர் அனைவரையும் உட்கார வைத்து லாங்கர் மறுபடி பார்க்கச் செய்கிறார். தோல்வியை வீரர்கள் தம் கண்ணால் பார்த்துக் கூசும் அந்தக் காட்சியில், உள்ளே நுழையக் கிடைத்த அனுமதி முதல்முறையாக ஆட்டத்தை விளக்கப் பயன்படுகிறது. அடுத்த டெஸ்டை ஓல்ட் டிராஃபோர்டில் வென்று ஆஷஸைத் தக்கவைத்ததன் பொருளும் அதனாலேயே விளங்குகிறது.

உடல் செய்யும் வேலையையே கதையாக்கிய படைப்பு 2018இல் வந்த ‘ஃப்ரீ சோலோ’. அலெக்ஸ் ஹானல்ட் 2017 ஜூன் 3 அன்று கலிபோர்னியாவின் எல் கேபிடன் பாறையில், 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தைக் கயிறோ பாதுகாப்புக் கருவியோ இன்றி 3 மணி 56 நிமிடங்களில் ஏறினார். அதில் மிகக் கடினமான ஒரு பகுதியைத் தாண்ட எந்த நுனிப் பிடியில் கட்டைவிரலை அழுத்த வேண்டும், எப்போது இடக்காலை எதிர்ப் பாறைக்கு வீசி ஊன்ற வேண்டும் என்பதை முன்பே கயிறு கட்டி ஒத்திகை பார்க்கும் காட்சிகள் வழியாகப் படம் கற்பித்துவிடுகிறது. எனவே கடைசி ஏற்றத்தில் அவர் அந்த இடத்தை அடையும்போது, அடுத்து எந்தக் கால் எங்கே போக வேண்டும் என்பது பார்வையாளருக்கும் தெரிந்திருக்கிறது. வெறும் திகிலாக முடிந்திருக்கக்கூடியது நுட்ப ரசனையாக மாறுவது இந்த முன்பாடத்தால்தான். காதலியோடு நடக்கும் உரையாடல்களைக் கொஞ்சம் குறைத்திருந்தாலும் குறையொன்றும் வந்திராது.

தொடர்களில் முதலிடம் தர வேண்டியது ‘சண்டர்லேண்ட் டில் ஐ டை’ என்ற கால்பந்துத் தொடருக்கு. பிரீமியர் லீகிலிருந்து இறங்கிய சண்டர்லேண்ட் அணி மீண்டும் எழும் என்ற நம்பிக்கையில் 2017-18 பருவத்தைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். அணியோ மேலும் ஒரு படி இறங்கி மூன்றாம் அடுக்குக்குப் போனது. பெருமை பேச ஏதுமில்லாத நிலையில், தொடர் காரணங்களைத் தேட வேண்டியதாயிற்று: ஒப்பந்தச் சுமைகள், கைவிட்ட உரிமையாளர், தன்னம்பிக்கை இழந்த வீரர்கள். இரண்டாம் பருவத்தில் 2019 ஜனவரி 31 இரவு வீரர் பரிமாற்றக் கெடு முடியும் நேரத்துக் காட்சி, ஒரு நிர்வாகம் எப்படித் தோற்கிறது என்பதற்கான முழுப் பாடம். 15 கோல்கள் அடித்த ஜாஷ் மாஜாவை பிரான்சின் போர்டோ அணிக்கு விற்றுவிட்ட பதற்றத்தில், புதிய உரிமையாளர் ஸ்டூவர்ட் டொனால்ட், பயிற்சியாளர் தரப்பின் எச்சரிக்கையையும் மீறி வில் கிரிக் என்ற வீரருக்கான விலையை நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றிக்கொண்டே போகிறார். ஏலத்தில் வீம்புக்கு விலை கேட்பவரின் முகம் அது. அந்தப் பருவம் மே மாதம் வெம்ப்ளியில், தகுதி உயர்வுக்கான ஆட்டத்தின் 94ஆவது நிமிடத்தில் சார்ல்டன் அடித்த கோலோடு முடிந்தது.

2024 பிப்ரவரியில் வெளியான மூன்றாம் பருவம் மூன்றே பகுதிகள் கொண்டது. 2022இல் விகம் அணியை 2-0 என்று வென்று சண்டர்லேண்ட் மேலே ஏறியதைச் சொல்கிறது. ரசிகர்களுக்கு அது நெடுநாள் காத்திருந்த இனிப்பு. ஆட்டத்தை அறிய விரும்புபவர் முதல் இரண்டு பருவங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.