விழவும் தனிமையும்: அரிப்புக் கரையிலிருந்து ஒரு நோக்கு

பிரிவுத்துயர் விழாக்காலத்தில் மிகுவதேன்? அகநானூற்று 141ஆம் பாடலில் நக்கீரர் காட்டும் தலைவி, கார்த்திகை விளக்கீட்டு விழாவைத் தலைவனோடு கூடிக் கொண்டாட விழைகின்றாள். ஏனைய நாட்களில் பொறுக்கத்தக்க பிரிவு, ஊர் முழுதும் ஒளிபெறும் அவ்விரவிற் பொறுத்தற்கரிதாகின்றது. பிறர் கூடியிருத்தல் கண்முன் நிகழ்தலே அதற்குக் காரணம். எனினும், அவள் கூற்றைக் கேட்பதற்குத் தோழி இருக்கின்றாள்.

அவ்வாய்ப்பும் இல்லாதவள், அதே தொகையின் 170ஆம் பாடலில் வரும் நெய்தல்நிலத் தலைவி. கானலும் கழியும் புன்னையும் தன் பொருட்டுப் பேசமாட்டா என்றுணர்ந்த அவள், கரையில் ஓடும் நண்டைத் தன் தூதாக வேண்டுகின்றாள். நண்டு தூது செல்லாது என்பதை அவள் அறியாதவளல்லள். ஆயினும், கேட்பதற்கு ஓர் உயிர் உண்டு என்ற நினைவே அவளுக்கு ஆறுதலாகின்றது. விடை பெறுதலினும் சொல்லப்பெறுதலே இங்கு முதன்மை பெறுகின்றது.

நெய்தல் நிலமாகிய அரிப்பிற்கு இவ்வுண்மையை மெய்ப்பிக்கும் வரலாறொன்றுண்டு. 1660இல் கொட்டியாரத்திற் சிறைப்பட்ட ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கழித்தார். மறு ஆண்டிலேயே உடன் சிறைப்பட்ட தந்தையை இழந்தார். தம்மிடமிருந்த இரு நூல்களையும் மீண்டும் மீண்டும் படித்து நாட்களைப் போக்கிய அவருக்கு, முதியவரொருவர் வழியாக ஆங்கில விவிலியம் ஒன்று கிட்டியது. அதற்கு ஈடாக அவர் கொடுத்தது பின்னிய தொப்பி ஒன்றே. தாய்மொழிச் சொல்லுக்கு அத்தனிமையில் இருந்த மதிப்பினை அப்பகுதி உணர்த்துகின்றது. 1679இல் அருவியாற்றின் வழியே தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். தாயகம் மீளும் கடற்பயணத்தின்போதே தம் வரலாற்றை எழுதலானார். 1681இல் அது இலண்டனில் நூலாக வெளிவந்தது. நாட்டு வருணனையாகவே பலராலும் பயிலப்படும் அந்நூல், நீண்டகாலம் கேட்போரின்றி அடங்கிக் கிடந்த கூற்றாகவும் பயிலத்தக்கது.

போர்க்காலத்தில் மன்னார்க் கரையினின்று பலர் படகேறி இராமேசுவரம் சேர்ந்தனர்; வேறு பலர் கடல்கடந்த நாடுகளிற் குடியேறினர். ஆகவே, நத்தார் இரவில் இக்கரை இல்லங்களிற் கைத்தொலைபேசியின் சிறு திரையே குடும்பம் கூடும் முற்றமாகின்றது. அது போலி உறவு, மெய்யான தனிமையை மறைக்கும் திரை என்பாருளர். அக்கூற்றில் ஒருபகுதி உண்மையுண்டு: திரையில் தோன்றும் மகன் பந்தியில் அமர்வதில்லை, அழைப்பு முடிந்தபின் வீட்டின் அமைதி முன்னினும் கனக்கின்றது. ஆனால், நண்டிடம் பேசியவளின் ஆறுதலைப் போலியென நாம் ஒதுக்குவதில்லை. பிரிவைத் தீர்ப்பது வேறு, பிரிந்தாரைத் தாங்குவது வேறு. தூது என்றும் இரண்டாவதையே செய்துவந்துள்ளது. நண்டு மறுமொழி தரவில்லை. இன்றைய தூதோ தருகின்றது. அதனை இகழ்வதற்குமுன், விழாநாளில் நாம் யாரை இன்னும் அழைக்கவில்லை என எண்ணிப் பார்த்தல் தகும்.