பால் ஊத்துற கையும் படம்பிடிக்கிற கண்ணும்

'ஃபார் த லவ் ஆஃப் எ மேன்' என்றொரு ஆவணப்படம். ரிங்கு கால்சி எடுத்தது. 2015இல் வெனிஸ் திரைப்பட விழா வரை போய்வந்தது. ரஜினிகாந்தை விட்டுவிட்டு அவருடைய ரசிகர்களை நடுவில் நிறுத்திய படம். அதற்காகவே தோழர்கள் பார்க்கவேண்டும். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனைப் பைத்தியக்காரன் என்று சிரித்துவிட்டுப் போகிற மேல்தட்டுப் பார்வை இதில் இல்லை.

ஆனாலும் எனக்கு இது போதவில்லை. இவன் எவ்வளவு கொடுத்தான், எவ்வளவு இழந்தான் என்பதிலேயே படத்தின் வியப்பு நிற்கிறது. பதிலுக்கு அவனுக்கு என்ன கிடைத்தது? அதை வேறெங்கும் அவனால் ஏன் வாங்க முடியவில்லை?

ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற நம்ம பயலுக்குத் தோட்டக்காரரிடம் பேரே கிடையாது. 'ஏலேய்'தான் பேரு. அம்பது வயசானாலும் அதேதான். அதே ஆள் ரசிகர் மன்றத்தில் செயலாளர். ரப்பர் ஸ்டாம்பு உண்டு, லெட்டர்பேடு உண்டு, போர்டில் சாதி ஒட்டாத பேரு உண்டு. ஊர்த் திருவிழாவுக்குச் சேரியில் வரி வாங்கமாட்டான். வாங்கினால் பரிவட்டத்தில் பங்கு கேட்பானே என்கிற பயம். படம் ரிலீசாகிற அன்றைக்கு மட்டும் இவன் காசு செல்லும். இவன் மேளம் முன்னால் போகும். இதைப் பக்தி என்று மட்டும் எழுதினால் எப்படி?

அதற்காக மன்றத்தை விடுதலைக் களம் என்று கொண்டாடவும் நான் தயாரில்லை. எம்.ஜி.ஆர். பிம்பம் ஏழைகளின் ஏக்கத்தையே எடுத்து அவர்களுக்கு எதிராகத் திருப்பியதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992லேயே நூலாக எழுதிவிட்டார். ரஜினி கதையும் தெரிந்ததுதான். 2017 டிசம்பர் 31இல் கட்சி வரும் என்றார், 2020 டிசம்பரில் வராது என்றார், 2021 ஜூலையில் மக்கள் மன்றத்தையே கலைத்தார். போர்டு எழுதிக் காத்திருந்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த ஆவணப்படம் வந்த மறுவருடம், 2016இல், 'கபாலி'. பா. ரஞ்சித்தின் நாயகன் சிறையில் ஒய்.பி. சத்யநாராயணாவின் 'மை ஃபாதர் பாலையா' படிக்கிறான், கோட்டுப் போட்டு வெளியே வருகிறான். அன்றைக்குத் தியேட்டரில் எழுந்த விசில் பழைய விசில் இல்லை. சாதித் திமிர் பிடித்தவனும் அதே தலைவருக்குத்தான் விசிலடித்தான், ஆனால் கோட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. 'தலைவரைக் கெடுத்துட்டானுக' என்று பேசினார்கள். ரசிகன் என்று ஒரே ஆள் இல்லை என்பது அப்போது வெளிச்சமானது. ரசிகர்களைப் பற்றி இனி எடுக்கிற படம் அந்தச் சுருங்கின முகத்திலிருந்து தொடங்கலாம்.

ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' (2011) இப்படிச் செய்த படம். 1997இல் மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் சுட்டு 10 பேர் செத்ததும், அது தாங்காமல் பாடகர் விலாஸ் கோக்ரே தற்கொலை செய்துகொண்டார். அங்கிருந்து தொடங்கி 14 வருடம் பாட்டின் பின்னாலேயே போனது கேமரா. பாடுகிறவன் யார், எந்தத் தெருவில் நின்று கேட்கிறார்கள் என்பதை அது மறைக்கவில்லை.

இன்னொன்று. மன்றத்தில் எல்லாம் ஆம்பளைக. அந்தப் பால் வாங்கின காசில் திராட்சை பறித்த பொம்பளை கூலி எவ்வளவு? அவளிடம் மைக்கை நீட்டுங்கள்.