நீங்களும் நாங்கதானே

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து வந்திருந்த ஒரு கவிஞரை டீக்கடை வாசலில் நண்பர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தேன். "ஈழத் தமிழ்க் கவிஞர்" என்றேன். அவர் யாரையும் சங்கடப்படுத்திவிடக் கூடாது என்ற குரலில், "இல்ல, நான் முஸ்லிம் ஆள்" என்றார்.

என் நண்பர் ஒருவர் சிரித்தார். தமிழ்த் தேசிய அரசியலில் பிடிப்புள்ளவர், நிறைய வாசிப்பவர், நல்ல மனிதர். "தோழர், நான் மதத்தைக் கேக்கல. இனத்தைக் கேக்கறேன்."

"நானும் அதத்தான் சொன்னன்."

அதன்பிறகு அரை மணி நேரம் விவாதம். தமிழில் எழுதுகிறீர்கள், தமிழில் கனவு காண்கிறீர்கள், உங்கள் உம்மா தாலாட்டியது தமிழில், பிறகு எப்படித் தமிழர் இல்லை? கடைசியில் நண்பர் அவர் தோளில் கைபோட்டு, "நீங்களும் நாங்கதானே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். கவிஞர் அதற்குப் பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்தார்.

இரண்டு மாதம் கழித்து, லஸ் அருகே இன்னொரு டீக்கடையில், ஏதோ ஓர் அரசியல் தகராறின் நடுவே அதே நண்பர் என்னிடம் சொன்னார்: "உங்களுக்கு இது புரியாது தோழர், நீங்க வீட்ல தெலுங்கு."

எனக்குக் கோபம் வர இரண்டு நாள் ஆனது. அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் வீட்டில் தெலுங்குதான். ஆனால் அது ஹைதராபாத் ஆட்கள் கேட்டால் சிரிக்கும் தெலுங்கு. எனக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. நான் படித்தது, காதலித்தது, கெட்ட வார்த்தை பேசுவது, இந்தக் கட்டுரை எழுதுவது எல்லாம் தமிழில். அந்த முஸ்லிம் கவிஞருக்கு மொழிதான் அளவுகோல்: தமிழ் பேசுகிறாய், ஆகவே நீ தமிழன், நீயே மறுத்தாலும். எனக்கு வம்சம்தான் அளவுகோல்: தமிழ் பேசுகிறாய், ஆனாலும் நீ தமிழன் இல்லை, நீயே கேட்டாலும். ஒரே ஆள், ஒரே டீ. கையில் இரண்டு ஸ்கேல்.

இந்த எரிச்சலோடுதான் பொன்னம்பலம் இராமநாதனின் கட்டுரையைத் தேடிப் படித்தேன். இலங்கைச் சோனகர்களின் இனவியல் பற்றி 1888இல் கொழும்பில் ராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் அவர் வாசித்த ஆங்கிலக் கட்டுரை அது. அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907இல் நூலாக வந்தது. பத்தொன்பது வருட இடைவெளியில் நடந்த இந்தச் சண்டையை நம் பக்கத்தில் அதிகம் பேர் பேசிக் கேட்டதில்லை. தமிழில் இன அடையாளம் பற்றிப் பேசுகிற யாரும் தாண்டிப் போக முடியாத இரண்டு பிரதிகள் இவை என்பது என் எண்ணம்.

இராமநாதன் வக்கீல், கட்டுரையும் வக்கீல் கட்டுரைதான். சோனகர்கள் வீட்டில் பேசும் மொழி, அவர்களுடைய வரலாறு, வழக்கங்கள், உடற்தோற்றம் என்று நான்கு சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுகிறார். நான்கும் சேர்ந்து ஒரே தீர்ப்பை நோக்கித்தான் போகின்றன: இவர்கள் மதம் மாறிய தமிழர்கள். நடை சுத்தமானது, சொல்லுக்குச் சொல் தன்னம்பிக்கை. படிக்கும்போது தலையாட்டிக்கொண்டே போனேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது பக்கத்துக்கு மேல் நீளும் கோர்ட் தீர்ப்புகளைப் படித்துப் பழகாத என்னைப் போன்றவர்களுக்கு, இப்படிப்பட்ட தெளிவே பாதி நிரூபணம்.

பிறகுதான் தேதியைப் பார்த்தேன். 1888இல் இராமநாதன் சட்டசபையில் தமிழ் உறுப்பினர். தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கும் சேர்த்து அவர்தான் பிரதிநிதி. அவர்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்த நேரம். அடுத்த வருடமே, 1889இல், எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அஸீஸ் தன் நூலில் இந்த இடத்தில்தான் விரலை வைக்கிறார்: எங்களுக்கு நாற்காலி வரப்போகிற நேரத்தில் நீங்கள் ஏன் எங்கள் தாத்தாவைப் பற்றி ஆராய்கிறீர்கள்?

நல்ல கேள்வி. ஆனால் நோக்கம் கெட்டது என்பதால் வாதம் தவறாகிவிடாது. உண்மையில் இராமநாதனின் தகவல்களில் பல சரி. அவர் எழுதியதைவிட வலுவான ஆதாரங்கள்கூட உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் தாய்வழிக் 'குடி' முறை இருக்கிறது. வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பக்கத்து ஊர் முக்குவத் தமிழர்களிடமும் இதே முறைதான். அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்த வழக்கமல்ல இது. காயல்பட்டினம், கீழக்கரை உறவுகளும் ஊரறிந்தவை. அரபு வணிகர்கள் வந்தார்கள் என்றால், அவர்கள் கட்டிக்கொண்ட பெண்கள் யார்?

அஸீஸிடம் இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் இல்லை, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மொழி இனத்துக்குச் சாட்சியல்ல என்று அவர் வாதாடுவது கூர்மையானது. வியாபாரத்துக்காக ஏற்றுக்கொண்ட மொழியை வைத்து வம்சத்தை முடிவு செய்யாதே என்கிறார். ஆனால் உடனே அரபு வம்சத்துக்குத் தாவுகிறார். இராமநாதன் இரத்தத்தைத் தமிழ் என்றார், இவர் அரபு என்கிறார். இரத்தம்தான் தீர்ப்பு சொல்லும் என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. கொழும்பின் வசதியான வணிகக் குடும்பங்களுக்கு அரபு மூதாதை பொருந்தலாம். அம்பாறையில் நெல் விதைக்கிறவருக்கும் மீன்பிடிக்கிறவருக்கும் அந்த வம்சாவளியில் இடம் எங்கே? பெண்கள் இரண்டு பிரதியிலும் ஏறக்குறைய இல்லை.

இருந்தும் சண்டையில் நான் அஸீஸ் பக்கம். அவர் சொன்ன வரலாற்றுக்காக அல்ல. 'நான் யார் என்று நீ சொல்லாதே' என்று அவர் சொன்னதற்காக.

இராமநாதன் செய்தது என் தொழிலில் அடிக்கடி பார்க்கிற ஒரு தவறு. ரிசல்ட் என்ன வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அது பாஸ் ஆகிற மாதிரி டெஸ்ட் கேஸ் எழுதுவது. ஒவ்வொரு டெஸ்ட்டும் தனியாகப் பார்த்தால் நியாயமாக இருக்கும். எந்த டெஸ்ட்டை எழுதாமல் விட்டோம் என்பதில்தான் விஷயம் இருக்கும். இராமநாதன் எழுதாமல் விட்ட ஒரே டெஸ்ட், அந்த மக்களிடமே கேட்பது.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. என் அலுவலக டீமில் பாதிப் பேர் பல்கேரியாவில், சோஃபியாவில் இருக்கிறார்கள். ஒருமுறை கால் முடிந்த பிறகு, மாசிடோனியாக்காரர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர்களில் ஒருவர் ஜோக் சொன்னார்: மாசிடோனிய மொழி என்று ஒன்றும் கிடையாது, செர்பிய டைப்ரைட்டரில் அடித்த பல்கேரிய மொழிதான் அது. எல்லோரும் சிரித்தார்கள், நானும். அங்கே பழைய ஜோக்காம். சிரித்து முடித்த பிறகுதான், கல்லூரி ஹாஸ்டலில் பாலக்காட்டுப் பையனிடம் நான் சொன்னது ஞாபகம் வந்தது: "மலையாளம்னா என்னடா, தமிழை மூக்கால பேசறதுதானே." அவன் சிரிக்கவில்லை.

பிறகு அந்த ஊரைப் பற்றி வாசித்தேன். 1992 ஜனவரியில் மாசிடோனியாவைத் தனி நாடாக முதலில் அங்கீகரித்ததே பல்கேரியாதான். ஆனால் நாடு உண்டு, தனி இனமும் தனி மொழியும் கிடையாது என்றது. 2020 நவம்பரில் வடக்கு மாசிடோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான பேச்சுவார்த்தையைத் தடுத்தபோதும் மொழியும் வரலாறும்தான் காரணம். நீ பேசுவது என் மொழி, ஆகவே நீ நான்.

அதே பல்கேரியாவில் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். 1984 டிசம்பர் தொடங்கி சில மாதங்களில், தோதோர் ஷிவ்கோவின் கம்யூனிஸ்ட் அரசு லட்சக்கணக்கான துருக்கியரின் பெயர்களைக் கட்டாயமாக மாற்றியது. முஸ்லிம் பெயர்களின் இடத்தில் பல்கேரியப் பெயர்கள். பொது இடத்தில் துருக்கி மொழி பேசத் தடை. இதற்கு அரசு வைத்த பெயர் 'மறுமலர்ச்சி நடவடிக்கை'. காரணம்? இவர்கள் ஒட்டோமான் காலத்தில் கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட பல்கேரியர்கள், இப்போது தங்கள் வேருக்குத் திரும்புகிறார்கள். 1989 கோடையில் மூன்றரை லட்சம் பேர் துருக்கிக்கு மூட்டை கட்டினார்கள். 2012இல் பல்கேரிய நாடாளுமன்றம் இதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

மாசிடோனியருக்கு மொழி அளவுகோல். துருக்கியருக்கு மொழி பொருந்தவில்லை, ஆகவே இரத்தம். என் நண்பர் இந்த ஸ்கேல்களை சோஃபியாவிலிருந்து இறக்குமதி செய்யவில்லை, எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

'நீ நாங்கதான்' என்று சொல்கிறவர், அதற்குரிய பொறுப்பை எடுத்துக்கொள்கிறாரா என்பது அடுத்த கேள்வி. 1915இல் இலங்கையில் சிங்களவர்கள் முஸ்லிம்களைத் தாக்கிக் கலவரம் நடந்தது. ஆங்கில அரசு இராணுவச் சட்டம் போட்டுச் சிங்களத் தலைவர்களைச் சிறையில் தள்ளியது. அப்போது இராமநாதன் லண்டன் வரை போய் வாதாடியது அந்தத் தலைவர்களுக்காக. இராணுவச் சட்டத்தின் கொடுமையை எதிர்த்தது நியாயமான காரியம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. திரும்பி வந்தபோது சிங்களப் பிரமுகர்கள் அவர் வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்றார்கள். ஆனால் கடை எரிந்தவர், 1888இல் இவர் தன் இனம் என்று நிரூபித்த ஆள். அவருக்காக எந்த வண்டி எங்கே போனது?

முஸ்லிம்கள் அதை மறக்கவில்லை. பிறகு 1950களில் தமிழரசுக் கட்சி 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடரைப் பிடித்தது. இராமநாதனைவிட நாகரிகமான சொல். மொழியைப் பகிர்கிறோம், மற்றதை நீயே சொல் என்று இடம் விட்ட சொல். அந்த இடம் நிலைக்கவில்லை. 'இஸ்லாமியத் தமிழர்' என்ற சொல் மேலெழுந்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வெளியேறியவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். 'நீ தமிழன்' என்று சொன்ன வாயே, ஒலிபெருக்கியில் 'நீ தமிழன் இல்லை, போ' என்றது. டீக்கடையில் அந்தக் கவிஞர் ஏன் பதில் சொல்லவில்லை என்பது இந்த இடத்துக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. 'நீங்களும் நாங்கதானே' என்பதை அவர் வீட்டார் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள்.

என் நண்பர் இதற்குச் சொல்லக்கூடிய பதிலும் எனக்குத் தெரியும். தமிழ்நாட்டு முஸ்லிம்கள் தங்களைத் தமிழர் என்கிறார்களே? ஆமாம், என்கிறார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரில் தொடங்கி நேற்றைய கவிக்கோ அப்துல் ரகுமான் வரை யாரும் அதை அவர்களிடம் கறந்து வாங்க வேண்டியிருக்கவில்லை. ஒரே மொழி, ஒரே மதம், நடுவில் சின்னக் கடல். இந்தப் பக்கம் ஒரு பதில், அந்தப் பக்கம் இன்னொன்று. இனம் மொழியிலோ இரத்தத்திலோ இல்லை, என்ன நடந்தது என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? சித்தி லெப்பை 1885இல் எழுதிய 'அசன்பேயுடைய கதை'யை ஆரம்பகாலத் தமிழ் நாவல்களின் வரிசையில் பெருமையாக வைக்கிறோம். வைக்கலாம், அது தமிழ் நாவல். எழுதியவர் தன்னை என்னவென்று அழைத்துக்கொண்டாலும் நாவல் நம்மிடம்தான் இருக்கிறது. என்ன பயம்?

பயம் இருக்கிறது, அதன் காரணமும் தெரியும். லஸ்ஸிலிருந்து ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் கொஞ்சம் நடந்தால் பொட்டி ஸ்ரீராமுலு நினைவில்லம். ஆந்திர மாநிலம் கேட்டு 1952 அக்டோபரில் அந்த இடத்தில்தான் உண்ணாவிரதம் தொடங்கினார், டிசம்பர் 15 அன்று இறந்தார். 'மதராஸ் மனதே' என்ற கோஷம் ஓடிய காலம். சென்னையை இழந்துவிடுவோமோ என்று ம.பொ.சி. தெருவில் இறங்கினார். அந்த நேரத்தில் இந்த ஊரில் இருந்த ஒரு தமிழனின் பதற்றத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் தாத்தா அந்த வருடங்களில் மயிலாப்பூரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 'மதராஸ் மனதே' என்பதில் அந்த 'மன' அவரையும் சேர்த்ததா என்று அவர் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆந்திரா 1953 அக்டோபர் 1 அன்று பிரிந்தது, அவர் எங்கேயும் போகவில்லை. போக இடமும் இல்லை, அங்கே அவர் 'அரவம்'. தமிழ்க்காரன் என்று அர்த்தம்.

நண்பரும் நானும் இப்போதும் சந்திக்கிறோம். தி. நகரில், தெலுங்கு வீட்டில் பிறந்த பிட்டி தியாகராயரின் பெயர் கொண்ட அந்த நகரில், பனகல் பார்க் பக்கம். பனகல் ராஜாவும் தெலுங்குதான் என்று ஒருமுறை சொன்னேன். "அதான் தோழர் பிரச்சினையே" என்றார். சிரித்தோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 42 லட்சம். கேட்ட கேள்வி தாய்மொழி மட்டும்தான். நீ யார் என்று யாரும் கேட்கவில்லை.

போன ஜூனில் மகளை அடையாறில் ஒரு பள்ளியில் சேர்த்தோம். படிவத்தில் தாய்மொழி என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பின்னால் வரிசை நின்றது. 'தமிழ்' என்று எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் அவ்வா கட்டிலிலிருந்தே கேட்டாள், "ஏமி ராசினாவுரா?"

"தெலுங்குதான் அவ்வா" என்றேன்.